படையா, பேச்சா: ஒரு மாதிரி நாடாளுமன்றம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

தர்மபுரி மாவட்டத்தில் ஓர் அரசு கலைக் கல்லூரி. அங்கே அரசியல் அறிவியல் துறை ஆண்டுதோறும் மாதிரி நாடாளுமன்றம் நடத்துகிறது. மாணவர்கள் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பிரிந்து உட்கார்ந்து, ஒரு தீர்மானத்தின் மேல் விவாதித்து, கடைசியில் வாக்கெடுப்பு நடக்கும். வழக்கமாகப் பிளாஸ்டிக் ஒழிப்பு, இணையவழிக் கல்வி என்று யாருக்கும் வலிக்காத தலைப்பாகத்தான் இருக்கும்.

இந்த முறை இறுதியாண்டு மாணவர்களே தலைப்பு வைத்தார்கள். "இந்தியா எந்தச் சூழலிலும் வெளிநாட்டுக்குப் படை அனுப்பக் கூடாது, பேச்சுவார்த்தை, வளர்ச்சி உதவி, பரஸ்பர மரியாதை ஆகியவற்றையே வழியாகக் கொள்ள வேண்டும்." உக்ரைனையும் காசாவையும் தினமும் கைபேசியில் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள். தலைப்பு அங்கிருந்து வந்ததுதான்.

அரசியல் அறிவியல் ஆசிரியை ஒருவர் இதற்குப் பொறுப்பு. இந்தக் குறிப்பில் அவரைப் பொறுப்பாசிரியர் என்றே சொல்கிறேன். நான் வரலாற்றுத் துறை. மாணவர்கள் சொல்லும் ஆண்டு, எண், உடன்படிக்கை இதெல்லாம் சரியா என்று பார்ப்பது என் வேலை.

முதல் வரைவு சங்ககால மன்னன் அதியமானில் தொடங்கியது. எங்கள் ஊரில் கூட்டம் என்றால் தகடூரும் (இன்றைய தர்மபுரி), அவனுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போனதும் வராமல் இருக்காது. ஒரு மாணவி மட்டும், "தூது போனாங்க, சரி சார். அப்புறம் சேரன் வந்து தகடூரை அடிச்சுட்டானே?" என்று கேட்டாள். யாரிடமும் பதில் இல்லை. அந்தப் பத்தியை எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை.

ஒத்திகையில் வெடித்தது

தொடக்க ஒத்திகைகள் சுமுகமாகவே போயின. எல்லா உதாரணமும் தூரத்து உதாரணம். 2003 மார்ச்சில் அமெரிக்கா ஈராக்குக்குள் நுழைந்தது, தேடிப் போன பேரழிவு ஆயுதம் கிடைக்கவில்லை. அதே ஆண்டு ஜூலையில் ஈராக்குக்குப் படை கேட்டபோது, ஐ.நா. ஆணை இல்லாமல் அனுப்ப முடியாது என்று வாஜ்பாய் அரசு மறுத்துவிட்டது. ஆப்கானிஸ்தானில் 20 ஆண்டுகள் இருந்துவிட்டு 2021 ஆகஸ்டில் கிளம்பியபோது, காபூல் மறுபடி தாலிபான் கையில். தகவல்கள் எல்லாம் சரி. ஆனால் பேசியவர்களுக்கும் பேச்சுக்கும் ஒட்டவே இல்லை.

இரண்டு பேர் மட்டும் வாயே திறக்கவில்லை என்பதைப் பொறுப்பாசிரியர் கவனித்து என்னிடம் சொன்னார். ஒருவன் எதிர்க்கட்சி வரிசையில் இருந்த பென்னாகரம் பக்கத்துப் பையன். இன்னொருத்தி ஆளுங்கட்சி வரிசையில், அணை ஒன்றின் அருகே உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வருகிற மாணவி.

ஒரு மதியம் எதிர்க்கட்சிப் பையன் ஒருவன் கைபேசியைப் பார்த்துக்கொண்டே 1987-ல் இந்தியா இலங்கைக்கு அனுப்பிய படைக்குப் போய்விட்டான். "அமைதிப்படைன்னு போனானுங்க, நம்ம ஜனத்தையே சுட்டானுங்க, அடி வாங்கிட்டு ஓடி வந்தானுங்க." பென்னாகரத்துப் பையன் எழுந்தான். "எங்க தாத்தா போனவரு. பாத்துப் பேசு." பின்னாலிருந்து யாரோ, "அகதிங்களுக்கு ரேஷன் போடறதே நாமதான், இதுல இவங்களுக்காகப் போயி செத்தது வேற" என்றார்கள். யார் சொன்னது என்று கடைசிவரை தெரியவில்லை. அந்த மாணவி பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். தடுக்கப் போன தோழியும் திரும்பி வரவில்லை.

அன்று இரவுக்குள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களில் இரண்டு அணிகள் உருவாகிவிட்டன. மறுநாள் ஒரு பெற்றோர் துறைத்தலைவருக்கு அழைத்து, கல்லூரியில் என்ன அரசியல் நடத்துகிறீர்கள் என்று கேட்டார். முகாம் மாணவி சம்பந்தப்பட்டிருப்பதால் காவல்துறை விசாரிக்க வருமோ என்ற பயமும் அலுவலகத்தில் கிளம்பியது.

எடுத்த முடிவும் காரணமும்

முன்னால் இருந்த வழிகள் மூன்று. தலைப்பையே மாற்றிவிடலாம், கல்லூரி நிர்வாகம் விரும்பியது இதைத்தான். இல்லையென்றால் இலங்கையைத் தொடக் கூடாது என்று தடை போட்டு மற்றதைத் தொடரலாம். மூன்றாவது, இலங்கையை நடுவில் வைத்தே தொடர்வது.

பொறுப்பாசிரியர் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். அவர் சொன்ன காரணம் இது: வெளிநாட்டுக்குப் படை அனுப்புவதைப் பற்றி ஒரு தமிழ்நாட்டுக் கல்லூரியில் பேசிவிட்டு, இந்தியா தானே அனுப்பிய படையைப் பற்றிப் பேசாமல் விட்டால், விவாதம் வெறும் அமெரிக்காவைத் திட்டும் கூட்டமாகிவிடும். அதுவும் அந்த இரண்டு பிள்ளைகளும் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது பேசாமல் விடுவது, 'உங்கள் கதை இங்கே வேண்டாம்' என்று சொல்வதுதான்.

ஆனால் சில நிபந்தனைகள் வைத்தார். ஒத்திகை சில நாள் நிற்கும். முதல்வரிடம் எழுத்துப்பூர்வ அனுமதி. எந்த அமைப்பையும் போற்றியோ எந்தப் படையையும் தூற்றியோ பேசக் கூடாது. நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும். இரண்டு மாணவர்களிடமும் தனித்தனியே பேசி, விருப்பமில்லை என்றால் விலகிக்கொள்ளலாம், மதிப்பெண் குறையாது என்று சொன்னார். பையன் உடனே சரி என்றான். மாணவி இரண்டு நாள் யோசித்தாள். "முகாம் பொண்ணுன்னு மைக்ல சொல்லக் கூடாது மேடம். மத்தவங்க மாதிரி நானும் ஒரு உறுப்பினர்." ஒப்புக்கொள்ளப்பட்டது.

இடையில் சக ஆசிரியர் ஒருவர், பையனின் தாத்தாவையும் மாணவியின் பாட்டியையும் மேடையேற்றிக் கைகுலுக்க வைத்தால் பத்திரிகையில் வரும் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். பொறுப்பாசிரியர் கேட்ட மாத்திரத்தில் மறுத்துவிட்டார். இந்த முழு விஷயத்திலும் எடுக்கப்பட்ட மிகச் சரியான முடிவு இதுதான் என்பது என் கருத்து.

பெரியவர் சொன்னது

பெரியவர் என்றது பென்னாகரத்துப் பையனின் தாத்தாவை. அவருக்கு எழுபது வயது நெருங்குகிறது. 1987-ல் காலாட்படையில் நாயக், சிப்பாய்க்கு மேலான ஒரு சிறு பதவி. பொறுப்பாசிரியரும் நானும் பேரனோடு அவர் வீட்டுக்குப் போனோம். அவர் பேசியதைச் சொல்லும் முன் சில உண்மைகளை வைத்துவிடுகிறேன்.

1987 ஜூலை 29-ம் தேதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். உடனே இந்திய அமைதி காக்கும் படை போய் இறங்கியது. இலங்கைத் தமிழர்கள் தொடக்கத்தில் மாலை போட்டு வரவேற்றார்கள். அக்டோபரில் அதே படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. அக்டோபர் 21, தீபாவளியன்று யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் உட்பட 60-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். 1989-ல் அதிபர் பிரேமதாசாவே படையை வெளியேறச் சொன்னார். 1990 மார்ச் 24-ல் கடைசிக் கப்பல் கிளம்பியது. இந்தியத் தரப்பில் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,200 பேர். திரும்பிய படையை வரவேற்க அன்றைய தமிழக முதல்வர் கருணாநிதி சென்னைத் துறைமுகத்துக்குப் போகவில்லை.

பெரியவர் சோதனைச் சாவடியில் நின்றவர். அவர் பிரிவில் தமிழ் தெரிந்தவர்கள் சிலரே. "என்னைக் கூப்புட்டு, கேக்க வேண்டியதை எல்லாம் இந்தி எழுத்துல எழுதிக் குடுன்னாங்க. சின்ன நோட்டு. நில்லு, கையத் தூக்கு, எங்க போற, வீட்டுல எத்தன பேரு, ஆம்பள எங்க. இவ்வளவுதான் அதுல. சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை எழுதச் சொல்லல, நானும் எழுதல." சாவடியைக் கடந்த பெண்கள் இவரிடம் எந்த ஊர் என்று கேட்பார்களாம். தர்மபுரி என்றால் ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுப் போவார்களாம்.

யாரோடு சண்டை என்பதே அங்கே போன பிறகுதான் தெரிந்தது என்றார். ஒருவருக்கொருவர் சுட்டுக்கொள்ளாமல் நடுவில் நிற்கத்தான் போகிறோம் என்று நினைத்துக் கப்பல் ஏறியிருக்கிறார்.

தீர்மானத்தைப் பேரன் வாசித்துக் காட்டினான். பெரியவர் எதிர்க்கவில்லை. "படை வேணாம்னு எழுதுங்கம்மா, தாராளமா எழுதுங்க. போனவன் கெட்டவன்னு எழுதாதீங்க. அனுப்புனவங்க டெல்லியில இருந்தாங்க, இவன் சம்பளத்துக்குப் போனவன்." பொறுப்பாசிரியர் மருத்துவமனையைப் பற்றிக் கேட்டார். தான் அங்கே இல்லை என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இல்லன்னா நடக்கலன்னு ஆயிடுமா" என்றும் அவரே சொன்னார்.

கிளிநொச்சி வீடு

மாணவியின் அம்மம்மா 1990-ல் படகேறி வந்தவர். உடன்படிக்கையைப் பற்றிப் பேத்தி கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை அவள் நோட்டில் எழுதி வந்திருந்தாள்: "ரேடியோவில சொன்னவை. எங்களை ஆர் கேட்டது?"

இதைக் கேட்டதும் கிருஷ்ணகிரிக் கோட்டையடியில் வீடு இருக்கும் இன்னொரு மாணவி குறுக்கிட்டாள். 1791 நவம்பரில் கும்பினிப் படை (கிழக்கிந்தியக் கம்பெனியின் படை) கிருஷ்ணகிரிக் கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியது. ஆனால் மறு ஆண்டு மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு ஒரு கையெழுத்துப் போட்டார், எங்கள் பகுதியான பாரமகால் மொத்தமும் கும்பினிக்குப் போய்விட்டது. "நம்மளையும்தான் யாரும் கேக்கல சார்." வகுப்பில் நான் பலமுறை நடத்திய பாடம் அது, இந்தக் கோணத்தில் யாரும் இதுவரை பார்த்ததில்லை. விவாதத்தின் நடுக்கேள்வி அங்கேதான் உருவானது: போவது படையோ பணமோ, அங்கே இருப்பவர்களைக் கேட்டுவிட்டுப் போகிறதா?

மாணவியின் சித்தி இலங்கைக்குத் திரும்பிக் கிளிநொச்சிப் பக்கம் குடியேறியவர். போருக்குப் பின் இந்தியா கொடுத்த வீட்டுத் திட்டத்தில் வீடு கட்டியவர். 2010-ல் அறிவிக்கப்பட்ட அந்தத் திட்டம் 50,000 வீடுகளுக்கானது. முதல் 1,000 வீடுகளை முகமை வைத்துக் கட்டிக் கொடுத்தார்கள். 2012 அக்டோபர் 2-ல் தொடங்கிய அடுத்த கட்டத்தில், வடக்கிலும் கிழக்கிலும் 45,000 வீடுகளுக்கு வழியை மாற்றினார்கள். வீட்டுக்கு 5.5 லட்சம் இலங்கை ரூபாய் தவணை தவணையாக வீட்டுக்காரர் வங்கிக் கணக்குக்கே வரும். கட்டுவது அவர் பொறுப்பு.

சித்தி காணொளி அழைப்பில் வீட்டைச் சுற்றிக் காட்டினார். அத்திவாரம் போட்டால் ஒரு தவணை, சுவர் எழும்பினால் ஒரு தவணை, கூரைக்கு ஒன்று. விறகுப் புகைக்குப் பயந்து அடுக்களையைப் பின்பக்கம் தள்ளி வைத்தது அவர் முடிவு. வாசல் எந்தப் பக்கம் என்பதும் அவர் முடிவு. சீமெந்து விலை ஏறியதால் காசு போதாமல் நகையை அடகு வைத்ததும் உண்மை. அந்தக் கடைசிச் செய்தியை ஆளுங்கட்சி வரிசை விட்டுவிடலாம் என்று பார்த்தது. மாணவி ஒத்துக்கொள்ளவில்லை. கடனையும் சேர்த்துச் சொன்னால்தான் நம்புவார்கள் என்றாள். அவள் சொன்னதுதான் சரி. எதிர்க்கட்சி கையில் அந்த ஆயுதம் இல்லாமல் போயிற்று.

இதோடு 1990 என்ற எண்ணில் இயங்கும் இலவச ஆம்புலன்ஸ் சேவையும் சேர்ந்தது. 2016-ல் இந்திய நன்கொடையில் இலங்கையின் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கியது. பிறகு நாடு முழுக்கப் பரவியது. சிங்களர், தமிழர், முஸ்லிம் என்று பார்க்காமல் வருகிறது. படை வெளியேறிய ஆண்டும் 1990, இந்த எண்ணும் 1990 என்று ஒரு பையன் கண்டுபிடித்து மேடையில் சொல்லத் துடித்தான். தற்செயலை வைத்து வாதம் பண்ணாதே என்று நிறுத்தினோம்.

தீர்மானம் மாறிய விதம்

ஒத்திகை மறுபடி தொடங்கியபோது எதிர்க்கட்சி வரிசை நன்றாகத் தயாராகி வந்திருந்தது. 'எந்தச் சூழலிலும்' என்ற சொற்களைத்தான் அவர்கள் பிடித்தார்கள்.

1971-ல் ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்தார்கள். இந்திரா காந்தி பல நாடுகளுக்குப் போய்ப் பேசிப் பார்த்தார், பலனில்லை. டிசம்பர் 3-ல் தொடங்கிய போர் 16-ல் முடிந்தது. 1972 மார்ச்சுக்குள் இந்தியப் படை வங்கதேசத்திலிருந்து திரும்பிவிட்டது. 1988 நவம்பரில் மாலத்தீவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது அதிபர் கயூம் கேட்டார், படை போனது, வேலை முடிந்தது. 1994-ல் ருவாண்டாவில் உலகம் கையைக் கட்டிக்கொண்டு நின்றதால் சில மாதங்களில் பல லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். 'எந்தச் சூழலிலும்' என்றால் இதற்கெல்லாம் என்ன பதில்?

ஓசூரிலிருந்து வரும் பொருளியல் மாணவி ஒருத்தியின் வாதம் இன்னும் கூர்மை. ஆப்கானிஸ்தானில் இந்தியா போர்ப்படை அனுப்பவில்லை. சாலை போட்டது, 2015-ல் நாடாளுமன்றக் கட்டடம் கட்டிக் கொடுத்தது, 2016-ல் ஹேராத்தில் சல்மா அணையைத் திறந்தது. பெருமைதான். ஆனால் அந்த வேலை நடந்த காலம் முழுக்க அந்த நாட்டில் அடுத்தவன் துப்பாக்கி காவல் நின்றதே, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாமா என்றாள். ஆளுங்கட்சியால் இதற்கு முழுப் பதில் சொல்ல முடியவில்லை. தாலிபான் வந்த பிறகும் 2022-ல் பாகிஸ்தான் வழியாகவே லாரிகளில் கோதுமை அனுப்ப முடிந்தது, அதற்குப் பேச்சுதான் தேவைப்பட்டது என்று மட்டும் சொன்னார்கள். பாதிப் பதில்.

மாலத்தீவின் பிந்தைய கதை இரு தரப்புக்கும் உதவியது. 2023-ல் பதவிக்கு வந்த அதிபர் முய்சு, இந்திய ராணுவத்தினர் வெளியேற வேண்டும் என்றார். இந்தியா முறைத்துக்கொள்ளவில்லை. 2024 மே 10-க்குள் அவர்களைத் திருப்பி அழைத்து, ஹெலிகாப்டரையும் விமானத்தையும் இயக்க ராணுவம் சாராத தொழில்நுட்ப ஆட்களை அனுப்பியது. அதே ஆண்டு அக்டோபரில் முய்சு டெல்லி வந்து நாணயப் பரிமாற்ற உதவி வாங்கிச் சென்றார்.

கடைசியில் இரு தரப்பும் உட்கார்ந்து திருத்திய தீர்மானம் இப்படி நின்றது: இந்தியாவின் முதல் வழி பேச்சும் உதவியுமாக இருக்க வேண்டும், ஐ.நா. ஆணையோ அந்த நாட்டின் வேண்டுகோளோ இல்லாமல் படை போகக் கூடாது. போனாலும் நாடாளுமன்ற ஒப்புதலும் கால வரையறையும் வேண்டும். உதவித் திட்டங்களைப் பயன்பெறுவோரைக் கேட்டே வகுக்க வேண்டும். 1987-ல் இலங்கை அரசின் சம்மதத்தோடுதான் படை போனது, ஆகவே இந்த விதியும் அதைத் தடுத்திருக்காது என்று பென்னாகரத்துப் பையன் சுட்டிக்காட்டினான். அதற்கு விதி எழுத யாருக்கும் தெரியவில்லை. கடைசி வாசகத்தை உதவிக்கு மட்டுமல்லாமல் படைக்கும் பொருத்தலாம் என்று ஒரு யோசனை வந்தது. யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதில் சிக்கி நின்றுவிட்டது.

நிகழ்ச்சி நாள்

அரங்கம் நிறைந்திருந்தது. கேள்வி நேரத்தில் பார்வையாளர் பக்கமிருந்து ஒரு துண்டுச்சீட்டு வந்தது. "நாமே பல்லுல கறையோட திரியறோம். இதுல வெளிநாட்டுக்கு உதவியா?" அரங்கமே சிரித்துக் கைதட்டியது. புளோரைடு தண்ணீரால் பழுப்பேறிய பல் எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. சிரித்தவர்களில் சிலர் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

வெளியுறவு அமைச்சராக நடித்த மாணவன் தடுமாறவில்லை. கறை போக என்ன வந்தது என்று திருப்பிக் கேட்டான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்குமான அந்தத் திட்டத்துக்கு ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமை கடன் கொடுத்தது. மதிப்பு ரூ.1,900 கோடிக்கும் மேல். 2008-ல் அடிக்கல் நாட்டியதும் கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பி, கொஞ்ச காலம் தள்ளிப்போய், 2013-ல் திறக்கப்பட்டது. ஜப்பான் ஒரு காலத்தில் ஆசியா முழுக்கப் படையோடு போன நாடு. 1947 அரசியல் சட்டத்தில் போரைக் கைவிட்டது. 1958-ல் தன் முதல் யென் கடனை யாருக்குக் கொடுத்தது தெரியுமா, இந்தியாவுக்கு. "ஆக, மாண்புமிகு உறுப்பினர் காலையில் குடித்துவிட்டு வந்த தண்ணீரிலும் வெளிநாட்டு உதவி இருக்கலாம்."

ஓசூர் மாணவி எழுந்து, அது தானம் இல்லை, கடன், வட்டியோடு திருப்பிக் கட்டுகிறோம் என்றாள். அமைச்சர் ஒப்புக்கொண்டார். திருப்பிக் கட்டுவதால்தான் தலைகுனியாமல் வாங்க முடிகிறது என்றும் சொன்னார். இது ஒத்திகையில் இல்லாத வரி.

1987-ஐப் பற்றி இரண்டு பேரும் பேசினார்கள். பையன் நோட்டுக் கதையைச் சொன்னான். மாணவி அடுத்ததாக எழுந்து மருத்துவமனையையும் கிளிநொச்சி வீட்டையும் சொன்னாள், ஊர் பேர் உறவு எதுவும் இல்லாமல். யாரும் கூச்சலிடவில்லை. பெரியவர் கடைசி வரிசையில் இருந்தார். பேருந்து நேரம் பார்த்து வாக்கெடுப்புக்கு முன்பே கிளம்பிவிட்டார்.

திருத்திய தீர்மானம் சிறிய வித்தியாசத்தில் நிறைவேறியது. பென்னாகரத்துப் பையன் எதிர்த்து வாக்களித்தான். 1971 மாதிரி இன்னொன்று வந்தால் ஐ.நா.வுக்காகக் காத்திருக்க முடியாது என்பது அவன் காரணம். மாணவி ஆதரித்து வாக்களித்தாள்.

அதன் பிறகு

முதலில் வம்பை இழுத்த பையன் ஸ்டேட்டஸை எடுத்துவிட்டான். மன்னிப்புக் கேட்கவில்லை, யாரும் கேட்கச் சொல்லவும் இல்லை. காவல்துறையிலிருந்து யாரும் வரவில்லை. தலைப்பை மாற்றச் சொன்ன நிர்வாகம் ஆண்டறிக்கையில் இந்த நிகழ்ச்சிக்கு அரைப்பக்கம் ஒதுக்கியது. மாணவியும் பையனும் முன்பு பேசிக்கொண்டதில்லை, இப்போதும் பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை என்று பொறுப்பாசிரியர் சொல்கிறார். ஆனால் தாத்தாவின் நோட்டு இன்னும் இருக்கிறதா என்று அவள் ஒருமுறை கேட்டனுப்பினாளாம். இல்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

தலைப்பு முடிவானதுமே, அது வகுப்பில் யாருடைய வீட்டைத் தொடுகிறது என்று பார்த்துத் தனியே பேசிவிட வேண்டும். வெடித்த பிறகு பேசுவது இரட்டை வேலை. கைபேசியிலிருந்து வாசிக்கும் தகவல் ஒத்திகைக்கு முன்பே சரிபார்ப்புக்கு வர வேண்டும். கடன், மானியம், நன்கொடை இவற்றின் வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்கப் பொருளியல் துறையிலிருந்து ஒருவர் தேவை. ஓசூர் மாணவி இல்லையென்றால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. ஆப்கானிஸ்தான் வாதத்துக்கு இன்னும் படிக்க வேண்டும். முகாமில் அன்று ஆய்வு இருந்ததால் அம்மம்மாவால் வர முடியவில்லை. தேதி வைக்குமுன் அங்கே விசாரித்திருக்கலாம்.

அடுத்த ஆண்டுக்குப் பாக் நீரிணை மீனவர் பிரச்சினையைத் தலைப்பாக வைக்க மாணவர்கள் கேட்டிருக்கிறார்கள். இராமேசுவரம் மீனவர்களையும், தொலைபேசியிலாவது யாழ்ப்பாணத்து மீனவர்களையும் கேட்டுவிட்டுத்தான் தீர்மானம் எழுத வேண்டும் என்று பொறுப்பாசிரியர் நிபந்தனை போட்டுவிட்டார். இராமேசுவரம் போய்வரும் செலவுக்கான கோப்பு அலுவலகத்தில் இருக்கிறது.